மிதிவண்டியின் கழுத்து

தமிழகத்தின் வடகோடியில், ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்த பழமையான ஊர் பழவேற்காடு. 1613-ஆம் ஆண்டில் டச்சுக்காரர் கெல்ட்ரியா என்னும் கோட்டையை இங்கு எழுப்பினர். ஊரை அடுத்துப் பரந்து கிடக்கும் உப்புநீர் ஏரி, இந்தியாவில் சிலிக்கா ஏரிக்கு அடுத்த பரப்புடையது. அதன் கரையிலுள்ள குப்பங்களில் வாழ்வோர் மீனும் இறாலும் நண்டும் பிடித்துப் பிழைக்கின்றனர்.

மீன் காத்திருக்கும் பொருள் அன்று; வெயில் ஏறுமுன் விற்றாக வேண்டும். இயந்திர வண்டிகள் பெருகிய இந்நாளிலும், மிதிவண்டியின் பின்னே கூடையைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் செல்வோர் உளர். பள்ளி செல்லும் மாணவர்க்கும் அவ்வண்டியே துணை. ஆயினும் உப்புக்காற்று இரும்பிற்குப் பகை. அது திருகாணிகளைத் துருவேற்றும். கைப்பிடித் தண்டை அரிக்கும். அரித்த தண்டை மாற்றும்போதுதான் ஒரு புதிய தொல்லை தோன்றுவதுண்டு.

புதிய தண்டைப் பொருத்தி வண்டியைச் செலுத்துகின்றனர். முன் பிரேக்கைப் பிடித்தவுடன் ‘கடகட’ என்ற ஒலி எழுகிறது, கைப்பிடி நடுங்குகிறது. உடனே தண்டின் உச்சியிலுள்ள திருகாணியை மேன்மேலும் இறுக்குவோர் பலர். ஆட்டமோ நிற்பதில்லை. காரணம் யாது?

முன்சக்கரத்தைத் தாங்கும் கவையைப் பட்டறையில் ‘போர்க்’ என்பர். அதன் குழல், வண்டிச் சட்டத்தின் கழுத்தினூடே மேலே செல்கிறது. கழுத்தின் மேலும் கீழும் கிண்ணங்கள் உள்ளன. அவற்றில் எஃகுக் குண்டுகள் உருண்டு கைப்பிடியை எளிதில் திரும்பச் செய்கின்றன. மேற்குண்டுகளை அழுத்திப் பிடிப்பது குழலின் மரையில் ஏறிய ‘கோன்’ என்னும் வளையம். அதனை நகராமல் காப்பது அதன்மேல் அமைந்த பூட்டுமரை. கைப்பிடித் தண்டோ குழலுக்குள் இறங்கி, நீண்ட திருகாணியால் உள்ளே இறுகி நிற்பது. எனவே, தண்டின் பிடிப்பு வேறு; கழுத்தின் பிடிப்பு வேறு. துருவேறிய தண்டை முறுக்கி எடுக்கையில் பூட்டுமரை நெகிழ்ந்திருக்கக் கூடும். அங்ஙனம் நெகிழ்ந்தபின் தண்டின் திருகாணியை எத்துணை இறுக்கினும் பயன் இல்லை. அளவு கடந்தால் குழலே பிளக்கும்.

பழுதைத் தெளியும் வழி எளிது. கோனுக்கும் கிண்ணத்துக்கும் இடையே விரலை வைத்து, முன் பிரேக்கைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் அசைத்தல் வேண்டும். அசைவு விரலில் பட்டால் கழுத்து தளர்ந்துள்ளது என அறியலாம்.

திருத்துங்கால் முதலில் பூட்டுமரையைச் சற்றுத் தளர்த்துக. கோனைக் கையால் திருகி, ஆட்டம் அற்றவுடன் நிறுத்துக. பின்னர்க் கோனை ஒரு சாவியால் அசையாமற் பிடித்து, மற்றொரு சாவியால் பூட்டுமரையை இறுக்குக. பூட்டுமரை இறுகும்போது கோனின் அழுத்தம் மாறக் கூடுமாதலின், மீண்டும் சோதித்தல் இன்றியமையாதது. முன்சக்கரத்தைத் தரையினின்று தூக்கினால் கைப்பிடி இருபுறமும் தடையின்றித் திரும்புதல் வேண்டும். திக்கித் திரும்பினால் இறுக்கம் மிகுதி என்க. இறுதியில் தண்டைச் சக்கரத்துக்கு நேராக்கி, அதிலுள்ள எல்லைக்கோடு குழலுக்குள் மறையுமாறு இறக்கி, திருகாணியை முடுக்குதல் வேண்டும். கம்பிப் பிரேக் உடைய வண்டியாயின், கைப்பிடியின் உயரம் மாறியதற்கேற்பக் கம்பிகளையும் சரிசெய்தல் வேண்டும்.

புதுவகை வண்டிகள் சிலவற்றில் குழலில் மரை இல்லை. கவையின் குழலைத் தண்டு வெளிப்புறமாகப் பற்றி நிற்கும். அங்கு முறை வேறு. பக்கத் திருகாணிகளைத் தளர்த்தி, மேல்மூடியின் திருகாணியால் ஆட்டத்தைப் போக்கி, தண்டை நேராக்கிய பின்னரே பக்கத் திருகாணிகளை இறுக்குவர். குழலின் நுனி, தண்டின் மேல்விளிம்பிற்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் தாழ்ந்திருத்தல் வேண்டும். புதிய தண்டு உயரத்திற் குறைந்ததாயின், மூடி குழலின் நுனியிலேயே முட்டி நின்றுவிடும், கழுத்து இறுகாது. இடையே ஒரு வளையத்தைச் சேர்த்தால் அக்குறை நீங்கும்.

தளர்ந்த கழுத்தோடு வண்டியை ஓட்டினால், குண்டுகள் கிண்ணத்தில் மோதி மோதிக் குழி விழச் செய்யும். பின்னர்ச் சாவி கொண்டு தீராது. புதிய கிண்ணமே வாங்க நேரும். பாலத்தின்மீது பாரத்தோடு செல்பவர்க்குக் கைப்பிடி நடுங்குமாயின் உயிருக்கே ஊறு நேரலாம். அன்றைய உழைப்பும் அன்றைய உணவும் அக்கூடையில் உள்ளன அன்றோ?

பழுது கண்டவிடத்தில் வலிமையைக் காட்டுவது பேதைமை. எவ்வுறுப்பு எதனைத் தாங்குகிறது என்று ஆராய்ந்து, உரிய இடத்தில் உரிய அளவு இறுக்குவதே அறிவுடைமை. தளர்ச்சி மிகின் வண்டி ஆடும். இறுக்கம் மிகின் திரும்பாது. இரண்டிற்கும் நடுவே நிற்கும் அளவை அறிந்த கையே தொழில் அறிந்த கை.

பயிற்சி

1. தண்டின் திருகாணியை இறுக்கியும் கழுத்தின் ஆட்டம் நிற்காமைக்குக் காரணம் யாது?
2. பூட்டுமரையை இறுக்கிய பின்னர் மீண்டும் சோதிப்பது ஏன்?
3. உங்கள் ஊரில் உள்ள ஒரு மிதிவண்டிப் பட்டறைக்குச் சென்று, அங்கு வழங்கும் உறுப்புகளின் பெயர்களைத் தொகுத்து எழுதுக.