விலாசம் மாறிய ஜாவா: எந்த சர்வரைப் பிடிப்பது?

கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு 2019 மறக்காது. ஜனவரியில் சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது; நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானோம். வீடு அதே வீடு, தெரு அதே தெரு. ஆனால் கடைப் பலகை முதல் கல்யாணப் பத்திரிகை வரை விலாசத்தின் கடைசி வரி மாறிப்போனது.

அதே ஆண்டு மே மாதம் ஜாவா உலகத்திலும் ஒரு பிரிவினை முடிவானது. நிறுவனங்களுக்கான ஜாவாவை, அதாவது ஜாவா இஇ என்ற தொகுப்பை, எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைக்கப்போவதாக ஆரக்கிள் 2017இல் அறிவித்திருந்தது. சொத்தைக் கொடுத்தவர்கள் குடும்பப் பெயரைக் கொடுக்க மறுத்துவிட்டார்கள். 'ஜாவாக்ஸ்' என்று தொடங்கும் பெயர்களுக்குள் இனி எந்த மாற்றமும் செய்யக் கூடாது என்றானது. வேறு வழியில்லாமல் 2020 இறுதியில் வந்த ஜகார்த்தா இஇ 9இல் எல்லாப் பெயர்களும் 'ஜகார்த்தா' என்று மாற்றப்பட்டன. சர்வ்லெட் அதே சர்வ்லெட்தான், செய்யும் வேலையும் அதேதான். விலாசம் மட்டும் வேறு.

'விழுப்புரம் மாவட்டம்' என்று எழுதி வரும் கடிதத்தை நம் தபால்காரர் இன்றும் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். ஜாவாவுக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. இதை நான் ஒரு சனிக்கிழமை இரவு கற்றுக்கொண்டேன். ஓர் அலுவலகத்தின் ரசீது மென்பொருள் டாம்கேட் 9இல் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. புதிய பதிப்பு வந்திருக்கிறதே என்று 10ஐ இறக்கி, பழைய வார் கோப்பை அப்படியே தூக்கிப் போட்டேன். டாம்கேட் நல்லபடியாக எழுந்தது. லாகில் ஒரு பிழை வரிகூட இல்லை. பக்கத்தைத் திறந்தால் 404. இரண்டு மணி நேரம் போர்ட்டையும் ஃபயர்வாலையும் குடைந்த பிறகுதான் விஷயம் புரிந்தது: அந்த மென்பொருள் ஸ்பிரிங் பூட் 2இல் எழுதப்பட்டது. அது பழைய பெயரில் வாசலில் நின்று கூப்பிட, புதிய டாம்கேட் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சும்மா இருந்திருக்கிறது. சண்டை போட்டிருந்தாலாவது சீக்கிரம் தெரிந்திருக்கும்.

அதனால் எந்த சர்வர் வேகம், எது பிரபலம் என்ற விவாதத்தை இரண்டாவதாக வையுங்கள். முதல் கேள்வி, உங்கள் மென்பொருள் எந்த விலாசத்தில் இருக்கிறது என்பதே. மூல நிரல் கையில் இருந்தால் இம்போர்ட் வரிகளைப் பார்த்தாலே போதும். எழுதிக் கொடுத்தவர் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய் நம்பரையும் மாற்றிவிட்டார் என்றால் (நம் பக்கம் பாதிப் பேர் கதை இதுதான்) வார் கோப்பை ஜிப் போலத் திறந்து, லிப் அடைவில் ஸ்பிரிங் (பூட் அல்ல, அடிப்படை ஸ்பிரிங்) எத்தனையாவது பதிப்பு என்று பாருங்கள். 5 என்றால் பழைய விலாசம், 6 என்றால் புதியது.

பழையது என்றதும் எடிட்டரில் எல்லா 'ஜாவாக்ஸ்'களையும் ஒரே அடியாக 'ஜகார்த்தா' என்று மாற்றிவிடாதீர்கள். மாவட்டம் பிரிந்தபோது செஞ்சியும் திண்டிவனமும் விழுப்புரத்திலேயே இருந்துகொண்டன. திருக்கோவிலூர் இந்தப் பக்கம் வந்தது, கண்டாச்சிபுரம் அந்தப் பக்கம் நின்றது. இங்கேயும் அப்படித்தான். ஜாவாவின் அடிப்படைத் தொகுப்பிலேயே உள்ள ஜாவாக்ஸ் எஸ்க்யூஎல், ஜாவாக்ஸ் நேமிங், ஜாவாக்ஸ் கிரிப்டோ ஆகியவை மாறவில்லை. எக்ஸ்எம்எல் குடும்பத்தில் பைண்ட் போய்விட்டது, பார்சர்ஸ் இங்கேயே இருக்கிறது. எல்லைக் கல் எங்கே என்று தெரியாமல் கை வைத்தால் தரவுத்தள இணைப்பே அறுந்துபோகும்.

இனி சர்வர்களுக்கு வருவோம்.

கள்ளக்குறிச்சியில் ஒருவர் ஜாவா வைத்து ஏதாவது ஓட்டுகிறார் என்றால் அது பெரும்பாலும் டாம்கேட்டாகத்தான் இருக்கும். கல்லூரி இறுதியாண்டு புராஜெக்ட்டில் தொடங்கிய பழக்கம். சன் நிறுவனத்தில் ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் எழுதியது, 1999இல் அப்பாச்சிக்குத் தரப்பட்டது. கண்டிப்பாகச் சொன்னால் இது முழு அப்ளிகேஷன் சர்வர் ஆகாது. டிபன் கடை போல: இட்லி, தோசை, காபி உண்டு, இலை போட்ட சாப்பாடு கேட்கக் கூடாது. நம்மில் பலருக்கு டிபனே போதும். இறக்கவேண்டிய கோப்பு பதினைந்து எம்பிக்குள் அடங்கும், 1 ஜிபி நினைவகம் உள்ள வாடகை சர்வரில் சிறிய மென்பொருளோடு முனகாமல் ஓடும்.

ஆனால் 'டாம்கேட் வைத்திருக்கிறேன்' என்று மட்டும் சொன்னால் பாதித் தகவல்தான். டாம்கேட் 9 பழைய விலாசம், ஜாவா 8இலேயே ஓடும். 10.1 புதிய விலாசம், ஜாவா 11 கேட்கும். 2024 அக்டோபரில் வந்த 11க்கு ஜாவா 17 வேண்டும். 8.5இன் ஆதரவு 2024 மார்ச் 31ஓடு முடிந்துவிட்டது. 10.0க்கு அதற்கும் முன்பே, 2022 அக்டோபரில் முடிந்துவிட்டது. ஒன்பதுக்கு 2027 மார்ச் 31 வரை தவணை தந்திருக்கிறார்கள். பழைய மென்பொருளை மாற்றி எழுத ஆளும் காசும் இல்லாதவர்கள் ஒன்பதிலேயே இருந்து, அதன் கடைசிச் சிறு பதிப்புக்கு மட்டும் ஏறிக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தேதியை மட்டும் சுவரில் எழுதி வையுங்கள்.

பத்துக்குப் போயே ஆகவேண்டும், மூல நிரல் கிடையாது என்பவர்களுக்கு டாம்கேட்டிலேயே ஒரு தபால்காரர் இருக்கிறார். 'வெப்ஆப்ஸ்' அடைவுக்குப் பக்கத்தில் 'வெப்ஆப்ஸ்-ஜாவாஇஇ' என்று ஓர் அடைவு உருவாக்கி, பழைய வார் கோப்பை அதில் போட்டால், டாம்கேட்டே விலாசத்தைத் திருத்தி உள்ளே அனுப்பிக்கொள்ளும். எளிமையான மென்பொருள்களுக்கு நன்றாகவே வேலை செய்கிறது. அந்தச் சனிக்கிழமை இரவு இது எனக்குத் தெரிந்திருந்தால் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருப்பேன்.

இரண்டு விலாசத்துக்கும் கதவு திறந்து வைத்திருப்பவர்களும் உண்டு. ஒன்று ஜெட்டி. பெயரைக் கேட்டு வகுப்பில் சிரிக்காத பையன்கள் கிடையாது. ஆனால் 1995இலிருந்து தாக்குப்பிடித்து நிற்கும் சர்வர். 2023இல் வந்த ஜெட்டி 12, பழைய விலாச மென்பொருளையும் புதியதையும் ஒரே சர்வரில் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டும். மற்றொன்று ஐபிஎம் 2017 செப்டம்பரில் திறமூலமாக வெளியிட்ட ஓப்பன் லிபர்ட்டி. இதில் எனக்குப் பிடித்த ஒரு பிடிவாதம் உண்டு: சர்வரைப் புதுப்பித்தால் மென்பொருளைத் தொடவேண்டி வரக் கூடாது என்பது அவர்கள் கொள்கை. என்னென்ன வசதி, எந்தப் பதிப்பில் வேண்டும் என்று ஒரே எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதி வைக்கிறோம். சர்வ்லெட் 4 என்று எழுதியிருந்தால், சர்வர் எத்தனை புதிதானாலும் பழைய சர்வ்லெட் 4தான் கிடைக்கும். நான்கு வாரத்துக்கு ஒரு பதிப்பு வரும். ஆறு மாதம் விட்டுவிட்டுத் தாவினாலும் பெரிய வம்பில்லை. நம் ஊரில் இதைத் தெரிந்தவர் குறைவு என்பது ஒன்றே குறை. மாட்டிக்கொண்டால் டீக்கடையில் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது.

இலை போட்ட சாப்பாடு யாருக்கு? மென்பொருளில் இஜேபி, செய்தி வரிசை, பல தரவுத்தளங்களை ஒரே பரிவர்த்தனையில் கட்டுவது என்றெல்லாம் இருந்தால். இங்கே கிளாஸ்ஃபிஷ் கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் ஒரு சர்வரை நம்பி இருப்பது என்றால் என்ன என்பதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை. 2005இல் சன் தன் சர்வரின் நிரலைத் திறந்துவிட்டது. உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரியும் கண்ணாடி மீன் என்ற பெயர் அதற்குப் பொருத்தம்தான். 2009 டிசம்பரில் மூன்றாம் பதிப்பு ஜாவா இஇ 6ஐ முதலில் முழுதாகக் கொண்டுவந்தபோது ஒரே கொண்டாட்டம். அடுத்த மாதமே ஆரக்கிள் சன்னை வாங்கி முடித்தது. 2013 நவம்பரில், இனி இதற்குக் கட்டண ஆதரவுப் பதிப்பு இல்லை என்று ஆரக்கிள் கையை விரித்தது. நம்பிக் கட்டியவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். நிரல் திறந்திருந்ததால் மட்டுமே 2014இல் இங்கிலாந்தில் சிலர் அதை எடுத்து பயாரா என்று வளர்க்க முடிந்தது. கிளாஸ்ஃபிஷும் எக்லிப்ஸ் வீட்டுக்குப் போய்ப் பிழைத்துக்கொண்டது. 2022 டிசம்பரில் ஜகார்த்தா இஇ 10ஐ ஆதரிக்கும் ஏழாம் பதிப்பு வந்தது.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இவ்விரண்டில் நான் பயாராவைச் சொல்வேன், ஒரு எச்சரிக்கையோடு. பயாரா 5 பழைய விலாசம், 6 புதியது. பணம் கட்டாதவர்களுக்குக் கிடைப்பது கம்யூனிட்டி பதிப்பு; அதில் பழைய வரிசையைப் பிடித்துக்கொண்டு உட்கார முடியாது, புதியதோடு ஓடிக்கொண்டே இருக்கவேண்டும்.

வைல்ட்ஃபிளையும் அப்படித்தான், இன்னும் வேகமாக. மார்க் ஃப்ளூரி 1999இல் தொடங்கிய ஜேபாஸ், 2006இல் ரெட் ஹேட்டிடம் போய், 2013இல் பெயர் மாறியது. 2022 நவம்பரில் வந்த 27ஆம் பதிப்போடு பழைய விலாசத்துக்குக் கதவை அடைத்துவிட்டது. உறுதியான சர்வர், நிர்வாகத் திரை அருமை. ஆனால் ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒரு பெரிய பதிப்பு வரும், வந்ததும் முந்தையதற்கான கவனிப்பு மெல்ல நின்றுவிடும். நீண்டகாலம் ஒரே பதிப்பில் நிம்மதியாக இருக்கவேண்டும் என்றால் ரெட் ஹேட்டுக்குச் சந்தா கட்டவேண்டும். டாம்கேட் பழகியவர் கொஞ்சம் மட்டும் கூடுதல் வசதி கேட்டால், அப்பாச்சியின் டாமீ நடுவழி. 8 பழைய விலாசம், 9இலிருந்து புதியது.

இப்போது மலைக்கு ஏறுவோம். கல்வராயன் மலையில், வெள்ளிமலையில் ஒரு பள்ளியிலோ சிறு மருத்துவமனையிலோ சர்வரை அங்கேயே ஒரு பெட்டியில் வைத்து ஓட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து, வளைவு வளைவாக ஏறிப் போய்த்தான் அதைத் தொடமுடியும். மழைக்காலத்தில் மின்சாரமும் நெட்டும் மாறி மாறிக் காணாமல் போகும். வைல்ட்ஃபிளை இருநூறு எம்பியைத் தாண்டும். அது இறங்கி முடிவதற்குள் சிக்னல் போய்விடும். அங்கே என் கணக்கு எளிது: வருஷத்தில் எத்தனை முறை ஒருவர் மலையேறுவார்? இரண்டு முறை என்றால் டாம்கேட் அல்லது ஓப்பன் லிபர்ட்டி. மூன்று மாதத்துக்கு ஒரு பெரிய பதிப்பு என்று ஓடுகிற எதுவும் மலைக்கு ஆகாது. கரண்ட் போய் வந்தால் ஆள் தொடாமல் தானே எழுந்திருக்கும்படி சிஸ்டம்டியில் பதிந்துவிட்டுத்தான் கீழே இறங்கவேண்டும்.

மருத்துவமனைக்கான ஓப்பன்எம்ஆர்எஸ், கல்லூரி நூலகத்துக்கான டிஸ்பேஸ் போன்ற ஆயத்த மென்பொருள்களை ஓட்டுகிறவர்களுக்குத் தேர்வே இல்லை. அவை சொல்வதுதான் சட்டம். நம் பல்கலைக்கழக ஆய்வேடுகள் குவிந்திருக்கும் சோத்கங்காவுக்கு அடியில் இருப்பது டிஸ்பேஸ்தான். அதன் ஏழாம் பதிப்புக்கு டாம்கேட் 9, எட்டாம் பதிப்புக்கு 10.1. சர்வரை மட்டும் தனியே ஏற்றினால் என் சனிக்கிழமை உங்களுக்கும் வரும்.

எதைத் தேர்ந்தாலும், ஓடுகிற சர்வரின் மேலேயே புதியதைக் கொட்டாதீர்கள். பழையது 8080இல் ஓடட்டும், புதியதை 8081இல் எழுப்புங்கள். தரவுத்தளத்தின் நகலை அதற்குக் கொடுத்து, ரசீது அடித்துப் பாருங்கள், தமிழ் எழுத்து கட்டமாக வராமல் இருக்கிறதா பாருங்கள். முன்னால் என்ஜின்எக்ஸ் இருந்தால் ஒரு வரி மாற்றத்தில் புதியதுக்குத் திருப்பலாம், தப்பானால் அதே வரியில் திரும்பி வரலாம். டாம்கேட்டில் நிரலுக்கு ஓர் அடைவு, உங்கள் அமைப்புக் கோப்புகளுக்கு ஓர் அடைவு என்று ஹோம், பேஸ் இரண்டையும் பிரித்து வைத்துவிட்டால், அடுத்த முறை வேலை ஐந்து நிமிஷம்.

'ஓடுகிற வண்டியை ஏன் நிறுத்தவேண்டும்' என்பவர்களுக்கு 2020 பிப்ரவரியை நினைவூட்டுகிறேன். கோஸ்ட்கேட் என்ற ஓட்டை அப்போதுதான் வெளியே வந்தது. பலரும் பயன்படுத்தாத 8009 என்ற போர்ட் டாம்கேட்டில் முதலிலிருந்தே திறந்து கிடந்தது. அதன் வழியே வெளியாள் உங்கள் மென்பொருளின் அமைப்புக் கோப்புகளைப் படிக்கலாம், அதில் இருக்கும் தரவுத்தளக் கடவுச்சொல் உட்பட. 9.0.31க்கு ஏறியவர்கள் தப்பினார்கள்.

சந்தேகம் வந்தால் பக்கத்திலேயே விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது, தமிழிலேயே கேட்கலாம். அதற்கு முன் ஒன்று செய்யுங்கள்: உங்கள் டாம்கேட்டின் பின் அடைவில் உள்ள வெர்ஷன் கட்டளையை இப்போதே ஓட்டிப் பாருங்கள். வரும் எண் 8இல் தொடங்கினால், இந்த வாரமே நாள் குறித்துவிடுங்கள். சனிக்கிழமை இரவு மட்டும் வேண்டாம்.