ஜெல்கோட் உரியுதா? உரிந்த துண்டைத் திருப்பிப் பாருங்க

திருப்பூர்ல பிரிண்டிங் யூனிட் பக்கம் போயிருந்தீங்கன்னா இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீங்க. வாஷ் டெஸ்ட்டில் டி-ஷர்ட்டின் ரப்பர் பிரிண்ட் தோல் மாதிரி உரிந்து வருது. எல்லாரும் இங்க்கைத் திட்டுறாங்க, அப்புறம் க்யூரிங் மெஷினைத் திட்டுறாங்க. பிரிண்டிங் மாஸ்டர் மட்டும் உரிந்ததைத் திருப்பிப் பார்த்துட்டு ஒரே கேள்வி கேட்பார்: "துணிக்கு சிலிக்கான் சாஃப்ட்னர் போட்டாங்களா?" கை வைத்தால் வழவழன்னு இருக்கணும்னு போட்ட அதே சாஃப்ட்னர்தான் இங்க்கையும் பிடிக்க விடாமல் செய்யுது.

கார்பன் ஃபைபர் பேனலில் ஜெல்கோட் உரியும்போதும் அந்த மாஸ்டர் செய்ததைத்தான் நீங்களும் செய்யணும். எங்க ஸ்டூடன்ட் ஃபார்முலா டீம் இதைத் தாமதமாகத்தான் கத்துக்கிட்டது.

ஜெல்கோட் என்பது மோல்டில் முதலில் அடிக்கும் நிறமுள்ள ரெசின் படலம். பெரும்பாலும் பாலியெஸ்டர். சுமார் அரை மில்லிமீட்டர் கனம். அதன்மேல்தான் கார்பன் துணியும் ரெசினும் ஏறும். மோல்டைக் கழற்றினால் ஜெல்கோட் வெளிமுகமாகப் பளபளன்னு வரணும்.

உரிந்து வந்தால் துண்டைத் தூக்கிப் போடாதீங்க. பின்பக்கத்தில் கிழிந்த ஃபைபர் ஒட்டியிருக்கா? அப்படின்னா ஒட்டு நல்லாத்தான் இருந்திருக்கு, உள்ளே லேமினேட்தான் பலவீனம். ஜெல்கோட்டே நடுவில் பிளந்து, இரண்டு பக்கமும் மாவு மாதிரி உதிருதா? ஜெல்கோட் சரியா வேகலை. எம்.ஈ.கே.பி. கேட்டலிஸ்ட் குறைந்திருக்கலாம், படலம் ரொம்ப மெலிசா இருந்திருக்கலாம். இரண்டு முகமும் கண்ணாடி மாதிரி வழவழன்னு இருந்தால் ஒட்டவே இல்லைன்னு அர்த்தம். நான் பார்த்த பிரச்சினைகளில் பெரும்பாலானவை இந்த மூணாவது வகைதான்.

அதுக்கு முதல் காரணம் ரெசின் ஜோடிப் பொருத்தம். பாலியெஸ்டர் ஜெல்கோட்டின் திறந்த முகம் காற்றில் இருக்கும் ஆக்ஸிஜனால் முழுசா வேகாமல் பிசுபிசுன்னு நிற்கும். அதுமேல் பாலியெஸ்டர் ரெசினே ஏறினால் இரண்டும் வேதிப் பிணைப்பில் சேர்ந்திடும். கண்ணாடி இழைப் பட்டறைகளில் ஜெல்கோட் சுலபமாகப் பிடிப்பதன் ரகசியம் இதுதான். கார்பனுக்கு நாம் போடுவது எபாக்ஸி. அது வேற வகை வினை, ஜெல்கோட்டோடு கை கோர்க்காது. மேலே உட்கார மட்டும்தான் செய்யும். அதனால் எபாக்ஸி லேமினேட்டுக்கு எபாக்ஸி ஜெல்கோட்டையே வாங்குங்க. பாலியெஸ்டர்தான் கையில் இருக்குன்னா, மெலிசான கிளாஸ் டிஷ்யூவோடு ஒரு வினைல் எஸ்டர் அடுக்கை நடுவில் போடலாம். கடையில் வாங்கும்போது மெழுகு கலந்ததா, கலக்காததான்னும் கேளுங்க. மெழுகு கலந்தது கடைசிப் பூச்சுக்கு. அதுமேல் எதுவும் ஒட்டாது.

எங்க தப்பு தலைகீழானது. நோஸ்கோன் பேனலை எபாக்ஸியில் முடிச்சுட்டு, அதுமேல் ஜெல்கோட் அடிச்சோம். ஐப்பசி மழை, ஷெட் முழுக்க ஈரம். எபாக்ஸி ஹார்ட்னரில் இருக்கும் அமீன், காற்றின் ஈரத்தோடும் கார்பன் டை ஆக்ஸைடோடும் சேர்ந்து மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் கட்டும். கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. இது போதாதுன்னு, வினைபடாமல் தங்கிய அமீன் பாலியெஸ்டரை வேகவும் விடாது. நாங்க நேரா எமரி ஷீட்டை எடுத்துத் தேய்ச்சோம். படலம் போகலை, கீறலுக்குள்ளே பரவிடுச்சு. வெதுவெதுப்பான தண்ணியில் ஸ்காட்ச்-பிரைட் வச்சு முதலில் கழுவி, காய வச்சு, அப்புறம்தான் 120 நம்பர் ஷீட்டில் தேய்க்கணும். லே-அப் முடிஞ்சதும் பீல் ப்ளை துணியைப் போட்டிருந்தால் இந்த வேலையில் பாதி மிச்சம்.

அடுத்த பேனலை இதெல்லாம் பார்த்துத்தான் செஞ்சோம். எபாக்ஸி ஜெல்கோட், கழுவி, காய வச்சு, தேய்ச்சு, அசிட்டோன் போட்டுத் துடைச்சோம். நடுப்பகுதி கல்லு மாதிரி பிடிச்சது. ஓரத்தில் மட்டும் திட்டுத் திட்டா உரிந்தது. இரண்டு நாள் மண்டையைப் பிச்சுக்கிட்டோம். கடைசியில் காரணம் கையிலேயே இருந்தது: துடைச்ச துணி. பனியன் கட்டிங் வேஸ்ட்!

நம்ம ஊரில் கிலோ கணக்கில் கிடைக்கும், ஒர்க் ஷாப் எல்லாத்திலும் துடைக்க அதுதான். ஆனா ஃபினிஷிங் முடிஞ்ச துணியில் பல நேரம் சிலிக்கான் சாஃப்ட்னர் இருக்கும். அசிட்டோனில் நனைச்சுத் துடைக்கும்போது பேனலுக்குக் கொஞ்சம் சாஃப்ட்னரையும் நாமே பூசி விடுறோம். கிரே துணியை எடுத்தாலும் தப்பிக்க முடியாது, அதில் நிட்டிங் ஆயில் இருக்கும். தையல் மெஷின் பக்கத்தில் அடிக்கிற சிலிக்கான் ஸ்ப்ரேயும் காற்றிலேயே வந்து உட்காரும். பனியன் யூனிட்டோடு ஷெட்டைப் பங்கு போடுகிற டீம்கள் இதை மனசில் வச்சுக்கோங்க.

சோதிக்கக் காசு வேண்டாம். சுத்தமான கண்ணாடித் துண்டை அந்தத் துணியால் துடைச்சுத் தண்ணி ஊத்துங்க. தண்ணி ஒரே படலமா நின்றால் துணி நல்லது. முத்து முத்தாகப் பிரிஞ்சால் அதைத் தரை துடைக்க வச்சுக்கலாம். பேனலுக்கும் ஜெல்கோட் அடிக்கும் முன் இதே சோதனைதான். சோதிச்ச பிறகு நல்லா காய விடுங்க. நாங்க இப்போ நூல் உதிராத பேப்பர் வைப்தான் வாங்குறோம். ஒரு தாளால் ஈரமாகத் துடைச்சு, சால்வென்ட் ஆவியாகும் முன்னாடியே இன்னொரு தாளால் எடுத்திடணும்.

இன்னொரு கணக்கையும் பார்த்திடலாம். வெயிலில் நிற்கும் கருப்புப் பேனல் 30 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்குப் போகுதுன்னு வைங்க. ஒரு மீட்டர் நீளத்தில் பாலியெஸ்டர் ஜெல்கோட் சுமார் 3 மில்லிமீட்டர் நீளப் பார்க்கும். கண்ணாடி இழைப் பேனல் கிட்டத்தட்ட 1 மில்லிமீட்டர் நீளும். கார்பன் பேனல் கால் மில்லிமீட்டர்கூட நகராது. இந்த இழுபறி முழுக்க ஒட்டின இடத்தில்தான் விழும். கண்ணாடி இழையில் தப்பிச்ச அரைகுறை ஒட்டு கார்பனில் தப்பிக்காது. கனமாக அடிச்சால் பிடிக்கும்னு நினைக்கிறவங்க இதைக் கவனிங்க, கனம் கூடக்கூட இழுவையும் கூடும்.

எடையையும் போட்டுப் பாருங்க. அரை மில்லிமீட்டர் ஜெல்கோட் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 650 கிராம். 200 ஜிஎஸ்எம் கார்பன் இரண்டு அடுக்கு, ரெசினோடு சேர்த்து, முக்கால் கிலோ அளவுதான் வரும். சட்டையை விட பட்டன் கனம்! செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டப் போகிற காருக்கு இது தேவையான்னு கேட்டால், தேவையில்லைன்னுதான் சொல்வேன். (அந்த டிராக் யார் பேரில் இருக்குன்னு தெரியும்ல? லட்சுமி மில்ஸ் குடும்பத்திலிருந்து வந்து ரேஸ் கார் கட்டிய கரிவரதன். பஞ்சாலைக்கும் ரேஸுக்கும் நம்ம பக்கம் பழைய உறவு.) பளபளப்பு மட்டும் போதும்னா தேய்ச்சு 2கே கிளியர் அடிங்க. மோல்டுக்கும், தண்ணியிலேயே கிடக்கும் படகுக்கும் ஜெல்கோட்டை விடுங்க.

அடிச்சே ஆகணும்னா, பேனலைத் தொடுறதுக்கு முன்னாடி அதே துணி, அதே ரெசின், அதே நாள் வானிலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு செஞ்சு பாருங்க. முழுசா வெந்ததும் பிளேடால் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் கீறி, டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டுன்னு இழுங்க. கட்டம் கட்டமாகப் பெயர்ந்து வந்தால் அன்னைக்கு ஸ்ப்ரே கன்னை எடுக்காதீங்க. கண்ணாடியும் மாஸ்க்கும் போட மறக்காதீங்க. எம்.ஈ.கே.பி. கண்ணில் தெறிச்சால் பார்வையே போகலாம். கோபால்ட்டையும் அதையும் நேரடியாகக் கலந்தால் வெடிக்கும். முதலில் ஒன்றை ரெசினில் நல்லா கலக்கிட்டுத்தான் அடுத்ததை ஊத்தணும்.