பெரிய மனுஷி ஆவது எப்போது?



நம் திருத்தணியில் சில வீட்டில் தமிழ், சில வீட்டில் தெலுங்கு. ஒரு பெண் வயசுக்கு வந்தால் தமிழில் "பெரிய மனுஷி ஆயிட்டா" என்பார்கள். தெலுங்கில் "பெத்த மனிஷி அயிந்தி" என்பார்கள். இரண்டுக்கும் ஒரே அர்த்தம்தான். ஆனால் ஒரே நாளில் எப்படிப் பெரிய மனுஷி ஆக முடியும்? தமிழம்மா வகுப்பில் படித்துக் காட்டிய ஒரு சிறுகதையால் எனக்கு இந்தச் சந்தேகம் வந்தது.

ஆசிரியர்: அம்பை. இயற்பெயர் சி.எஸ். லக்ஷ்மி. 1944-ல் கோயம்புத்தூரில் பிறந்தவர். 2021-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருது பெற்றவர்.

கதை: "அம்மா ஒரு கொலை செய்தாள்." தலைப்பைக் கேட்டதும் துப்பறியும் கதை என்று நினைத்தேன். இதில் கத்தியும் இல்லை, போலீசும் இல்லை. கதை சொல்பவள் ஒரு சின்னப் பெண். கறுப்பு நிறம். அம்மா என்றால் அவளுக்கு உயிர். அம்மா ஊரில் இல்லாதபோது அவள் வயசுக்கு வருகிறாள். ஒரே பயம். அம்மா வந்து அணைத்து, எல்லாம் விளக்கிச் சொல்வாள் என்று காத்திருக்கிறாள். அம்மா போயிருப்பது உறவுக்காரப் பெண்ணைப் பெண் பார்க்கும் இடத்துக்கு. அந்தப் பெண் கறுப்பு என்று வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். திரும்பி வந்த அம்மா, மகள் வளர்ந்ததைப் பாரமாக நினைத்துச் சுடுசொல் சொல்லிவிடுகிறாள். அந்தச் சொல்தான் கொலை.

நான் புரிந்துகொண்டது:

1. உடம்பு தானாக வளரும். அதில் நம் தப்பும் இல்லை, சாமர்த்தியமும் இல்லை.

2. மனசு தானாக வளராது. வயசில் பெரிய அந்த அம்மாவே அந்த நிமிஷம் தவறிவிட்டாள்.

3. முதலில் எனக்கு அந்த அம்மா மேல் ரொம்பக் கோபம். "அவளை அப்படிப் பேச வெச்சது யாரு?" என்று தமிழம்மா கேட்டார். நிறத்தைக் குறை சொன்னவர்கள்தான். தன் மகளுக்கும் அதே கதி வருமோ என்ற பயம். அவள் சொன்னது தப்பு, அவள் பயம் நிஜம். இரண்டையும் சேர்த்து நினைப்பதுதான் முதிர்ச்சி என்று எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் வீட்டில்: போன வருஷம் எனக்குச் சடங்கு நடந்தது. அன்றைக்கு அம்மா, "தறிக் கூலியே இன்னும் வரல, இந்த நேரத்துலயா?" என்றார். நான் போர்வைக்குள் அழுதேன். போன வாரம், தார் சுற்றிக்கொண்டிருந்த அம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "என்னை எட்டாவதுல உட்கார வெச்சாங்க. அதோட சரி, திரும்பப் பையை எடுக்கல" என்றார். அது எனக்கு அதுவரை தெரியாது. கடைசியில், "தங்கச்சிக்கு நீ முன்னாடியே சொல்லி வைடி" என்றார். அன்றைக்கு ராத்திரியே சொன்னேன். அவள் ஆறாவது. நிறைய கேள்வி கேட்டாள்.

முடிவுரை: வயசுக்கு வந்தாச்சு என்று படிப்பை நிறுத்தக் கூடாது. 18 வயசுக்கு முன் பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பசங்களுக்கும் ஒரு வார்த்தை: சடங்கு முடிந்து வகுப்புக்கு வரும் பெண்ணைக் கேலி செய்யாதீங்க. நோட்டு கொடுத்து உதவுங்க.

சிந்திக்க: உங்கள் அம்மா எந்த வகுப்பு வரை படித்தார்? ஏன் நிறுத்தினார்? இன்றைக்குக் கேட்டுப் பாருங்கள்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி