மஞ்சளின் மருத்துவப் பயன்கள்

நம் இல்லங்களில் மஞ்சள் சேராத குழம்பும் இல்லை, மஞ்சள் இல்லாத மங்கல நிகழ்ச்சியும் இல்லை. ஆயினும் நம் உதகையில் மஞ்சள் விளைவதில்லை. வெப்பத்தை விரும்பும் அப்பயிர் இவ்வூர் உறைபனியைத் தாங்காது. ஈரோடு போன்ற சமவெளிச் சந்தைகளிலிருந்துதான் அது நமக்கு வருகிறது. ஈரோட்டு மஞ்சள் 2019-இல் புவிசார் குறியீடும் பெற்றுள்ளது.

மஞ்சளுக்கு நிறம் தருவது குர்க்குமின் என்னும் பொருள். மஞ்சள் கறை படிந்த சீருடையில் சோப்புப் போட்டதும் கறை சிவப்பாவதைக் கண்டு நாம் அஞ்சியதுண்டு. சோப்பிலுள்ள காரம் செய்யும் வேலை அது. ஆரத்தி நீர் சிவப்பதும் சுண்ணாம்பின் காரத்தால்தான்.

குர்க்குமின் வீக்கத்தைத் தணிக்கும், சில கிருமிகளை ஒடுக்கும் என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டுகின்றன. ஆனால் உண்டால் அது இரத்தத்தில் எளிதில் சேர்வதில்லை. பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியினர் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், 2 கிராம் குர்க்குமினுடன் மிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, அது உடலில் சேரும் அளவு 20 மடங்கு உயர்ந்தது. கூடலூர்ப் பக்கம் சில்வர் ஓக் மரங்களில் படர்ந்திருக்கும் மிளகுக்கு இப்படியும் ஒரு பெருமை! பாட்டிமார் பாலில் மஞ்சளோடு மிளகையும் தட்டிப்போட்டது வீண் அல்ல. எனினும் 100 கிராம் மஞ்சளில் குர்க்குமின் ஏறக்குறைய 3 கிராம்தான். 2 கிராம் பெற 65 கிராமுக்கு மேல் மஞ்சள் வேண்டும். நாம் குழம்பில் இடுவதோ அரைத் தேக்கரண்டி. மஞ்சள் பால் தொண்டைக்கு இதமளிக்கும். அதுவே எல்லா நோய்க்கும் மருந்தாகிவிடாது.

புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995-இல் அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் காப்புரிமை பெற்றது. நம் நாட்டின் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் குழுமம் அதை எதிர்த்தது. பழைய சமஸ்கிருத, உருது நூல்களையும், 1953-இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரையையும் சான்றாகக் காட்டியது. 1997-இல் காப்புரிமை ரத்தாயிற்று. இது நமக்குப் பெருமையே. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது புதிய கண்டுபிடிப்பு அல்ல என்பதற்காகவே ரத்தாயிற்று. எந்தக் காயத்துக்கும் மஞ்சள் போதும் என்று யாரும் தீர்ப்பளிக்கவில்லை.

இதை நாங்கள் வற்புறுத்தக் காரணம் உண்டு. எங்களில் பலருடைய பெற்றோர் தேயிலைத் தோட்டத்தில் உழைப்பவர்கள். கவாத்துக் கத்தி பட்டுவிட்டால் மஞ்சளை அப்பித் துணியால் கட்டிக்கொண்டு மறுநாளும் வேலைக்குப் போகிறார்கள். ரண ஜன்னிக் கிருமியின் விதைகள் மண்ணில் இருப்பவை. ஆழமான காயத்தினுள் அவை புகுந்தால், மேலே பூசிய மஞ்சள் அவற்றைத் தடுக்காது. கடையில் வாங்கும் பொடி கிருமி நீக்கப்பட்டதும் அன்று. ஓடும் நீரிலும் சோப்பிலும் காயத்தை நன்கு கழுவி, சுத்தமான துணியால் கட்டி, அன்றே தோட்டத்து டிஸ்பென்சரிக்குச் செல்ல வேண்டும். கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்ட ஆண்டைச் சொன்னால், மறுபடியும் தேவையா என்பதை அங்குள்ளவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.