நாடு கடத்தலும் குடும்பமும்: படங்கள் காட்டுவதும் காட்டாததும்



கடையடைத்து வீடு திரும்பியபின் நம்மில் பலர் தொலைக்காட்சியிலோ கைத்தொலைபேசியிலோ ஏதேனும் ஒரு படம் பார்க்கிறோம். குடிநுழைவு அதிகாரிகள் விடியற்காலையில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவதும், உள்ளே குழந்தை அழுவதும் அப்படங்களில் அடிக்கடி வரும் காட்சி. கடல் கடந்து வந்து வாணிபம் செய்த சமூகத்தாராகிய நமக்கு இது வெறும் பொழுதுபோக்கன்று. ஆகவே, இத்தகைய ஆவணப் படங்களை எவ்வாறு பார்ப்பது என்பதையே இம்முறை பாடமாக எடுத்துக்கொள்வோம்.

முதலாவதாகக் கவனிக்க வேண்டியது, காமிரா யார் பக்கம் நிற்கிறது என்பது. கனடாவில் எல்லைக் காவல் அதிகாரிகளைப் பின்தொடர்ந்து ஒரு தொலைக்காட்சித் தொடர் எடுக்கப்பட்டது. அதில் அதிகாரியே கதாநாயகர். 2013 மார்ச்சில் வான்கூவர் நகரின் ஒரு கட்டுமானத் தளத்தில் நடந்த சோதனைக்குக் காமிராவும் கூடவே சென்றது. இதன்மேல் புகார் எழுந்தது. காவலில் இருப்பவன் தரும் சம்மதம் மனமுவந்து தந்த சம்மதமாகுமா? ஆகாதென்றே அந்நாட்டின் அந்தரங்கப் பாதுகாப்பு ஆணையர் கண்டார். 2016ல் தொடர் நின்றது.

அமெரிக்காவில் 2020ல் வெளிவந்த 'இமிகிரேஷன் நேஷன்' என்ற ஆறு பகுதிப் படம் வேறு வழி சென்றது. அதிகாரிகளோடு வண்டியில் போன காமிரா, பிடிபட்டோரின் குடும்பத்தாரிடமும் போயிற்று. ஒருவரைத் தேடிச் சென்று அங்கிருந்த வேறு சிலரையும் பிடித்து வருவதை அது காட்டிற்று. 2018ல் எல்லையில் பெற்றோரிடமிருந்து பிள்ளைகள் பிரிக்கப்பட்ட கொடுமையும் அதில் உண்டு. கதவு ஒன்றுதான். வெளியே நின்று பார்ப்பவருக்குச் சட்டம் தெரிகிறது. உள்ளே நின்று பார்ப்பவருக்குக் குடும்பம் தெரிகிறது. ஒன்றை மட்டும் காட்டும் படம் பாதி உண்மையே சொல்லும்.

இரண்டாவதாக, காமிரா எப்போது அணைக்கப்படுகிறது என்று பாருங்கள். இதற்கு நம் தேக்காவே சாட்சி. 2013 டிசம்பர் 8ஆம் நாள், ரேஸ் கோர்ஸ் ரோடும் ஹேம்ஷயர் ரோடும் கூடுமிடத்தில் பேருந்தில் அடிபட்டு ஒரு தமிழகத் தொழிலாளி இறந்தார், கலவரம் மூண்டது. எரிந்த வாகனங்களை உலகமே பார்த்தது. பின்னர் 25 பேர்மீது வழக்குத் தொடரப்பட்டது. 57 பேர் திருப்பி அனுப்பப்பட்டனர். குற்றத்தை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆயினும், ஏஜெண்டுக்குக் கடன் வாங்கிக் கட்டிக் கப்பலோ விமானமோ ஏறியவன் வெறுங்கையோடு படியேறும்போது அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பதை நாம் ஊகித்தறிய வேண்டியதில்லை. நம் ஊர்களில் கண்டதே. அந்த 57 வீட்டுப் படிகளுக்கு எந்தச் செய்திக் காமிராவும் அப்போது முண்டியடித்துச் செல்லவில்லை.

மூன்றாவது பாடம் இவற்றினும் பெரிது. கதவைத் தட்டாமலே குடும்பத்தைப் பிரிக்கும் சட்டமும் உண்டு. அதைப் படமெடுப்பது கடினம். 1953 ஆகஸ்ட் 1 முதல் இங்கு நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் அத்தகையது. அதுவரை ஊரிலிருந்து தம்பியையும் மருமகனையும் கடைக்கு வரவழைத்துக்கொண்ட நம் முன்னோர், அதன்பின் தாளும் கையுமாக அலைந்தனர். 1959ல் விதிகள் மேலும் இறுகி, கணவரைப் பிரிந்து நெடுங்காலம் ஊரிலேயே இருந்துவிட்ட மனைவியர் வருவதற்கும் தடை நேர்ந்தது. யாரும் கைதாகவில்லை, யாரும் விலங்கிடப்படவில்லை. கணவர் மார்க்கெட் ஸ்திரீட்டிலும் மனைவி ஊரிலுமாக ஆயுள் கழிந்தது. இன்றும் ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர் குடும்பத்தை அழைத்துக்கொள்ள முடியாது. மேல்நிலை அனுமதி உடையவரும் மாதம் 6,000 வெள்ளி சம்பளம் பெற்றால்தான் மனைவி மக்களை அழைக்கலாம்.

இனி, நம் கடைக்கு வருவோம். அனுமதி காலாவதியாகி 90 நாட்களுக்குமேல் தங்கும் ஆடவருக்குச் சிறையோடு குறைந்தது மூன்று பிரம்படியும் உண்டு. ஐம்பது வயதைக் கடந்தோருக்குப் பிரம்படியில்லை. அறிந்தே அத்தகையவருக்கு இடமளிப்பவருக்கு ஆறு மாதம் முதல் இரண்டாண்டு வரை சிறை. 6,000 வெள்ளி வரை அபராதமும் உண்டு. எனவே அறை வாடகைக்கு விடுவோர் அசல் அனுமதிச் சீட்டைப் பார்த்து, கடவுச்சீட்டோடு ஒப்பிட்டு, சீட்டை வழங்கிய துறையிடமும் சரிபார்த்தல் வேண்டும்.

இதைவிட எளிய கடமை ஒன்றும் உண்டு. சிப்பந்தியின் சீட்டு முடியும் தேதியைக் கடைக் கணக்குப் புத்தகத்திலேயே குறித்து வையுங்கள். கொள்முதல் பாக்கியைத் தவணை தவறாமல் பார்க்கும் நமக்கு இது பெரிய வேலையன்று. நாம் மறந்த ஒரு தேதிக்கு அவனும், ஊரிலிருக்கும் அவன் பிள்ளைகளும் விலை கொடுக்கும்படி ஆகிவிடக் கூடாது. அடுத்த முறை படத்தில் கதவு தட்டப்படும்போது, அந்தத் தேதியும் நம் நினைவுக்கு வரட்டும்.