சோழமண்டலக் கரையில் சீனக் கைவினை: பீங்கான் என்னும் சான்று

தமிழகத்திற்கும் சீனத்திற்கும் இடையிலான உறவு பெரும்பாலும் அரசுத் தூதுகளின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. 1015, 1033, 1077ஆம் ஆண்டுகளில் சோழர் தூதுக்குழுவினர் சீன அரசவையை அடைந்த செய்தியும், சீனத்துச் சுவான்சௌ நகரில் கிடைத்த சக ஆண்டு 1203 (கி.பி. 1281) தமிழ்க் கல்வெட்டும் பலகாலும் எடுத்துரைக்கப்பட்டவை. சீனக் கைவினைப் பொருள் தமிழர் வீட்டினுள் எவ்வாறு இடம்பெற்றது என்னும் வினா அந்த அளவிற்குக் கவனம் பெறவில்லை. பீங்கானை முன்வைத்து அவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

மரக்காணத்தை அடுத்த கூனிமேடு, 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பண்டகசாலை அமைந்திருந்த கடற்கரை ஊராகும். இதற்குத் தெற்கே, புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் மார்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், இடைக்காலத்தைச் சேர்ந்த சீனப் பச்சை மெருகுக் கல ஓடுகளும் கிடைத்தன. இராமநாதபுரக் கரையிலுள்ள பெரியபட்டினத்திலும் சீனப் பீங்கான் ஓடுகள் கண்டெடுக்கப்பட்டுள்ளன. எனினும், துறைமுகத்தில் கிடைக்கும் ஓடு வேற்றிடத்திற்கு அனுப்பவிருந்த சரக்கின் எச்சமாகவும் இருக்கலாம். ஆகவே, வீட்டுப் பயன்பாட்டை நிறுவ ஓடு மட்டும் போதாது. சொல்லும் வழக்கமும் உடன் நோக்கப்பட வேண்டும்.

சீனச்சட்டி, சீனவெடி, சீனாக்காரம் ஆகிய சொற்கள் நாட்டின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. சீனத்திற்கே உரிய கைவினையான பீங்கானோ பாரசீகச் சொல்லால் வழங்குகிறது. பாரசீக, அரபு வணிகரின் கடல்வழித் தொடர்பை இது உணர்த்துகிறது. எனவே, பொருட்பெயர் அப்பொருளின் பிறப்பிடத்தைக் காட்டுவதினும், அது அல்லது அதன் பெயர் வந்த வழியைக் காட்டுவதே மிகுதி எனலாம்.

வழக்கத்திற்குச் சான்று தமிழ் முஸ்லிம்களிடம் கிடைக்கிறது. வெள்ளைப் பீங்கான் தட்டில் குங்குமப்பூ மையால் திருக்குர்ஆன் வசனங்களை எழுதி, நீர்விட்டுக் கரைத்து, பிணியுற்றோருக்கு அருந்தக் கொடுப்பது அவர்களிடையே நிலவிவரும் ஒரு மரபு. மெருகேற்றாத மட்கலம் மையை உறிஞ்சிக்கொள்ளும். பீங்கானின் மெருகோ எழுத்தை முழுமையாக நீரில் கரையவிடும். சீனக் குயவரின் தொழில்நுட்பம், பாரசீகப் பெயர், அரபு எழுத்து ஆகிய மூன்றும் தமிழ் வீட்டின் ஒரு தட்டில் இங்ஙனம் ஒன்றுகூடுகின்றன. இன்று அத்தட்டு இந்திய ஆலையில் செய்யப்பட்டதாயினும், மெருகின் பண்பால் அமைந்த அதன் பணி மாறவில்லை.

முஸ்லிம்கள் வாழும் கூனிமேடு போன்ற பழைய கரையோர ஊர்களில் மேற்பரப்பு ஓடுகளையும், வீட்டுக் கலங்களையும், அவற்றின் பெயர்களையும் ஒருங்கே தொகுக்கும் கள ஆய்வு தேவைப்படுகிறது. கல்வெட்டு நிலைத்து நிற்கும்; வழக்கமோ முதியோர் மறைவுடன் மறையும். ஆதலின் இத்தொகுப்பு காலந்தாழ்த்தாது மேற்கொள்ளப்பட வேண்டியதாகும்.