கிள்ளானிலிருந்து மெரினாவுக்கு

பள்ளி விடுமுறை நெருங்கும்போது, கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் உள்ள பயண முகவர் கடைகளில் சென்னையின் பெயர் அடிக்கடி கேட்கும். கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்திலிருந்து ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம்தான். கடப்பிதழும் விசாவும் சரியாக இருந்தால், காலையில் கிள்ளானில் பசியாறியவர் மதிய உணவைச் சென்னையில் உண்ணலாம். இறங்கியதும் கைக்கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் பின்னுக்குத் திருப்ப வேண்டும்.

இப்படிச் செல்லும் குடும்பங்களில் பல, முதல் நாளே தியாகராய நகருக்குப் போய்விடுகின்றன. திருமணச் சேலை, நகை, தீபாவளித் துணி என்று பட்டியல் நீளமாக இருக்கும். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ரங்கநாதன் தெருவின் நெரிசலும் ஒரு காட்சிதான். ஆனால், நான்கு நாள் பயணத்தில் நான்கு நாளும் கடைகளிலேயே கழிந்தால், மலேசியத் தமிழர் அவசியம் பார்க்க வேண்டிய ஒன்றைப் பார்க்காமலே திரும்ப நேரிடும். அது சென்னையின் கடலோரம்.

அக்கடலோரத்தின் வடக்கே துறைமுகம் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் அதனுள் நுழைய முடியாது. ராஜாஜி சாலையில் நடந்தால் உயர்ந்த மதிலும் அதற்கு மேல் எழுந்து நிற்கும் பாரந்தூக்கிகளும் மட்டுமே கண்ணில் படும். ஆயினும், மலேசியாவிலிருந்து வரும் மாணவர் சில நிமிடமாவது நின்று பார்க்கத் தக்க இடம் அது. மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்குத் தொழிலாளர்களை ஏற்றிய கப்பல்கள், இங்கிருந்தும் தெற்கே நாகப்பட்டினத்திலிருந்தும் புறப்பட்டன. கிராமங்களில் கங்காணிகள் திரட்டிய ஆட்கள் முதலில் சென்னைக்கு அருகிலுள்ள ஆவடி முகாமிலோ நாகப்பட்டினம் முகாமிலோ தங்கவைக்கப்பட்டார்கள். மருத்துவச் சோதனை முடிந்த பின் கப்பலேறினார்கள். அவர்களுள் பெரும்பாலோர் மேல்தளப் பயணிகள். அறையோ கட்டிலோ கிடையாது. பாய் விரித்த இடமே வீடு.

அக்காலக் கப்பல்களுள் மலேசியத் தமிழ் முதியோர் இன்றும் பெயர் சொல்லி நினைவுகூர்வது ‘ரஜூலா’. 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல், தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளை ஏற்ற உரிமம் பெற்றிருந்தது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று அது ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. போர்ட் சுவெட்டன்ஹாம் என்பது இன்றைய கிள்ளான் துறைமுகம். 1972இல்தான் அதன் பெயர் மாறியது. அங்கே இறங்கிய தொழிலாளர்கள் உடனே தோட்டத்துக்குச் செல்லவில்லை. நோய் பரவாமல் இருக்க, தடுப்பு முகாமில் சில நாள் வைக்கப்பட்ட பிறகே அனுப்பப்பட்டார்கள். 1938இல் இந்திய அரசு, உதவி பெற்றுச் செல்லும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது. அதன் பின்னரும் சொந்தச் செலவில் போய் வந்தவர்களைக் கப்பல்கள் ஏற்றிக்கொண்டே இருந்தன. 1970களில் ரஜூலாவின் இடத்தை ‘சிதம்பரம்’ என்னும் கப்பல் பிடித்தது. 1985இல் அதில் தீ விபத்து நேர்ந்து பலர் உயிரிழந்தனர். அத்துடன் அச்சேவை முடிவுக்கு வந்தது.

கொள்ளுத்தாத்தா காலத்தில் ஒரு வாரம் எடுத்த கடல்வழியை இன்று விமானம் ஒரு திரைப்படம் பார்த்து முடிக்கும் நேரத்தை விடச் சற்றே அதிக நேரத்தில் கடந்துவிடுகிறது. வேறுபாடு நேரத்தில் மட்டும் இல்லை. முகாமிலிருந்து நேரே கப்பலுக்குப் போன ஒரு தொழிலாளிக்குச் சென்னை என்பது ஒரு கொட்டகையும் ஒரு துறைமேடையும்தான். அவர் நகரைச் சுற்றிப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. அவருடைய கொள்ளுப்பேத்தியே அதைச் சுற்றிப் பார்க்க வருகிறாள்.

துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா தொடங்குகிறது. ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் நீளம். சாலையிலிருந்து அலை வரைக்கும் நடந்தால் கால் வலிக்கும் அளவுக்கு அகலமான மணல். இந்த மணல் எப்போதும் இங்கே இருந்ததில்லை. 1639இல் ஆங்கிலேயர் நிலம் பெற்றுப் புனித ஜார்ஜ் கோட்டையைக் கட்டியபோது, அலைகள் கோட்டைக்கு மிக அருகில் மோதிக்கொண்டிருந்தன. துறைமுகமும் கிடையாது. கப்பல்கள் கடலில் தள்ளி நிற்க, கயிற்றால் தைத்த பலகைகளால் ஆன மசூலாப் படகுகளே பயணிகளைக் கரை சேர்த்தன. 1875இல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கட்டிக்கொண்டிருந்த அலைதடுப்புச் சுவர்களின் பெரும்பகுதியை 1881ஆம் ஆண்டுப் புயல் உடைத்துவிட்டது. மீண்டும் கட்டினார்கள்.

இக்கடற்கரையில் நீரோட்டம் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக மணலை இழுத்துச் செல்கிறது. கடலுக்குள் நீண்ட சுவர் அந்த ஓட்டத்தை மறித்தது. மறிக்கப்பட்ட மணல் சுவருக்குத் தெற்கே ஆண்டுதோறும் சேர்ந்து, மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் பக்கம் மணல் வந்து சேராததால் கடல் கரையை அரித்தது. ஒரே சுவர் ஒரு பக்கத்துக்கு உலாவும் இடத்தைக் கொடுத்து, மறு பக்கத்து மீனவர்களின் நிலத்தை எடுத்துக்கொண்டது. மெரினாவில் நின்று படம் பிடிப்போர் பலர் இதை அறிவதில்லை. 1880களில் ஆளுநர் கிராண்ட் டஃப் நடைபாதை அமைத்து, ‘மெரினா’ என்னும் பெயரையும் சூட்டினார்.

இங்கே கடலில் குளிக்க அனுமதி இல்லை. போர்ட் டிக்சனில் முழங்கால் அளவு நீரில் விளையாடிப் பழகிய பிள்ளைகளுக்கு இது வியப்பாக இருக்கலாம். போர்ட் டிக்சன் மலாக்கா நீரிணையில் இருப்பதால், சுமத்ரா தீவு பெரிய அலைகளைத் தடுத்துவிடுகிறது. மெரினாவோ வங்காள விரிகுடாவை நேருக்கு நேர் பார்த்து நிற்கிறது. கரை சட்டென்று ஆழமாகும், அடியில் இழுக்கும் நீரோட்டமும் வலிமையானது. ஒவ்வோர் ஆண்டும் உயிர்கள் போகின்றன. காவலர் ஊதும் ஊதலைப் பொருட்படுத்தாமல் இறங்குவது துணிச்சல் ஆகாது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் காலை இதே மணலில் நடந்துகொண்டிருந்தவர்களைச் சுனாமி வாரிச் சென்றது. அதே நாள், அதே நிலநடுக்கத்தால் எழுந்த அலை பினாங்கையும் கெடாவின் கோலா மூடாவையும் தாக்கி, மலேசியாவில் 68 பேரைக் கொன்றது.

காமராசர் சாலையின் ஓரமாகச் சிலைகள் வரிசையாக நிற்கின்றன. வடக்குப் பகுதியில் நான்கு தொழிலாளர்கள் பாறையொன்றை நகர்த்தப் போராடும் உழைப்பாளர் சிலை இருக்கிறது. தேவிபிரசாத் ராய் சௌத்ரி வடித்த அச்சிலை 1959இல் நிறுவப்பட்டது. இந்தியாவில் முதன்முதலாக மே தினம் கொண்டாடப்பட்டதும் இக்கடற்கரையில்தான். 1923இல் சிங்காரவேலர் அதற்கு ஏற்பாடு செய்தார். தோட்டத் தொழிலாளர்களின் வழிவந்தவர்கள் அந்தச் சிலைக்கு முன்னால் சற்று நேரம் நிற்பது இயல்பே.

அதற்குப் பின் வரும் சிலைகளில் திருவள்ளுவர், ஔவையார், கம்பர், பாரதியார், பாரதிதாசன், கண்ணகி ஆகியோரை மலேசிய மாணவர்கள் பாடநூல்களிலிருந்தே அறிவார்கள். அவர்களோடு கால்டுவெல், ஜி.யு. போப், வீரமாமுனிவர் ஆகிய மூவரும் நிற்கிறார்கள். கால்டுவெல் அயர்லாந்தில் பிறந்தவர், போப் கனடாவில் பிறந்தவர், வீரமாமுனிவர் இத்தாலியர். மூவருமே தமிழைப் பிற்காலத்தில் கற்றவர்கள். இடைநிலைப் பள்ளியில் தமிழ் மொழிப் பாடம் எடுப்பதா வேண்டாமா என்று தயங்கும் மாணவர், கடற்காற்றில் கறுத்து நிற்கும் அம்மூவரையும் ஏறிட்டுப் பார்ப்பது நல்லது.

இச்சிலைகள் எப்போது, ஏன் வைக்கப்பட்டன என்று கேட்டால் விடை கோலாலம்பூருக்கே திரும்பி வரும். 1968 ஜனவரியில் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு சென்னையில் நடந்தது. அதையொட்டியே இவை திறக்கப்பட்டன. முதல் மாநாடு நடந்தது தமிழ்நாட்டில் அன்று. 1966 ஏப்ரலில் அது கோலாலம்பூரில் நடந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைத் தலைவராக இருந்த தனிநாயகம் அடிகளாரே அதற்கு முன்னின்று உழைத்தார். பின்னர் 1987லும் 2015லும் கோலாலம்பூர் அம்மாநாட்டை மீண்டும் நடத்தியது. சென்னையிலிருந்து கப்பல்கள் கிழக்கே ஆட்களைக் கொண்டுபோன கதையே பெரிதும் பேசப்படுகிறது. கிழக்கிலிருந்து சென்னைக்கு வந்து சேர்ந்தவையும் உண்டு.

இன்னும் சற்றுத் தெற்கே விவேகானந்தர் இல்லம் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் கட்டிய கட்டடம் அது. 1897இல் விவேகானந்தர் அங்கே ஒன்பது நாள் தங்கினார். பிரிக்பீல்ட்ஸில் 1904இல் தொடங்கப்பட்ட விவேகானந்த ஆசிரமத்தின் அருகே வளர்ந்தவர்களுக்கு, இவ்வில்லத்தில் ஓர் அறிமுகமானவரைச் சந்தித்த உணர்வு ஏற்படும். தெற்குக் கோடியில் கலங்கரை விளக்கமும், அதற்கப்பால் சாந்தோம் தேவாலயமும், மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலும் உள்ளன. எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிகளைப் பார்க்கத் தனியாக ஒரு முற்பகல் வேண்டும்.

மாலை ஐந்து மணிக்கு மேல் மெரினாவில் தேங்காய், மாங்காய், பட்டாணிச் சுண்டல் விற்போர் நடமாடத் தொடங்குவார்கள். காகிதக் கூம்பைக் கையில் வாங்கியதும் நம் ஊர்க் ‘கச்சாங் பூத்தே’ நினைவுக்கு வரும். ரொட்டி சானாய் என்னும் பெயர் சென்னையிலிருந்து வந்தது என்று சிலர் சொல்வதுண்டு. மாவைத் தேய்த்து விரிப்பதைக் குறிக்கும் மலாய்ச் சொல்லே அது என்பாரும் உளர். எதுவானாலும், சென்னை உணவகத்தில் ‘ரொட்டி சானாய்’ என்று கேட்டால் கிடைக்காது, ‘பரோட்டா’ என்று கேட்க வேண்டும். ‘பங்குஸ்’ என்றாலும் விளங்காது. அங்கே அது ‘பார்சல்’. ‘பசியாறிட்டீங்களா?’ என்று கேட்டால் கடைக்காரர் புன்னகையோடு, ‘மலேசியாவா, சிங்கப்பூரா?’ என்று திருப்பிக் கேட்பார். பேச்சிலேயே ஊர் தெரிந்துவிடுகிறது. இதற்காக மாணவர்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. சென்னைத் தமிழும் மதுரைக்காரருக்குப் புதிதுதான்.

கூச்சத்தைத் தரும் கேள்வி வேறொன்று. ஆட்டோ ஓட்டுநர் அன்பாகத்தான் கேட்பார்: ‘சொந்த ஊரு எதும்மா?’

‘கிள்ளான், அண்ணே.’

‘அது இல்லம்மா, இங்க எந்த ஊரு?’

படிவம் மூன்றில் பயிலும் மாணவி பின்னால் திரும்பித் தாயைப் பார்ப்பாள். தாய்க்கும் தெரியாமல் இருக்கலாம். நாமக்கல் பக்கம், திருச்சி பக்கம் என்று ஒரு திசையைச் சொல்லும் குடும்பங்கள் உண்டு. அந்தத் திசையும் மறந்துபோன குடும்பங்கள் உண்டு. ஆனால், கொள்ளுப்பாட்டி பால் மரம் வெட்டிய தோட்டத்தின் பெயரைக் கேட்டால் அதே தாய் தயங்காமல் சொல்வார். அங்கிருந்த கோயிலையும் தமிழ்ப்பள்ளியையும் ஆற்றையும் சேர்த்தே சொல்வார். முதல் விடையே சரியான விடை. சென்னையில் அவர்கள் சுற்றுலாப் பயணிகள். அவர்களுடைய கடப்பிதழும் அதையே சொல்கிறது. மொழி புரிகிற, முன்னோர் கடந்து போன வெளியூருக்கு வந்த பயணிகள்.

இருட்டிய பின் மெரினாவிலிருந்து பார்த்தால், கடலில் தொலைவில் விளக்குகள் வரிசையாகத் தெரியும். துறைமுகத்தில் இடம் கிடைக்கக் காத்திருக்கும் சரக்குக் கப்பல்கள் அவை. பயணிகளை ஏற்றும் கப்பல் இப்போது அந்தப் பாதையில் ஓடுவதில்லை. சரக்குப் பெட்டகங்கள் மட்டும் சென்னைக்கும் கிள்ளான் துறைமுகத்துக்கும் இடையே போய்வந்துகொண்டிருக்கின்றன.